தூளித் துணியில் மாவுக் கோலம்

சென்ற இதழில் பழைய புடவைக் கிழிசலில் கால்மிதி பின்னுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் மூன்று சகோதரிகள் கால்மிதியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டிருக்கிறார்கள். "பாத்திக் வேலை செய்து பார்க்க ஆசை. ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பில் மெழுகை உருக்கப் பயமாக இருக்கிறது. மெழுகு இல்லாமல் முடியாதா?" என்பதுதான் மூவரும் கேட்டது.

முடியும். நம் சமையலறை மைதா மாவிலேயே முடியும். எனக்கே இது போன கார்த்திகையில்தான் தெரிந்தது. அதுவும் ஒரு தலையணை உறையையும், அப்பாவின் வேட்டியில் ஒரு முழத்தையும் பாழாக்கிய பிறகு.

மெழுகுப் பயம் எனக்கும் உண்டு. கல்யாணமான புதிதில் புதுச்சேரிக்குப் போய் ஒரு தையல் வகுப்பில் பாத்திக் கற்றுக்கொண்டேன். வெள்ளை மெழுகும் தேன் மெழுகும் கலந்து உருக்கி, தூரிகையால் தொட்டுத் துணியில் பூ போடுவோம். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சூட்சுமம். வீட்டில் ஒருநாள் மத்தியானம் அப்படி மெழுகைக் காய்ச்சி வைத்துவிட்டுத் துணியை விரிக்கத் திரும்பினேன். ரெண்டு வயசுப் பிள்ளை, என் மூத்தவன், சட்டியில் நீட்டிக்கொண்டிருந்த தூரிகையைப் பிடித்து இழுத்துவிட்டான். நாலைந்து சொட்டுதான், புறங்காலில் விழுந்தது. நான் செய்த தப்பு என்ன தெரியுமா? பதறிப்போய் மெழுகைப் பிய்த்து எடுத்தேன். தோலும் கூடவே வந்துவிட்டது. அப்படிச் செய்யவே கூடாது. குழாயடியில் காலை நீட்டிப் பிடித்து இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டின மெழுகை டாக்டர்தான் எடுக்க வேண்டும். பையனுக்கு இப்போது மீசை முளைத்து வேலைக்கும் போகிறான், தழும்பு மட்டும் போகவில்லை. அன்றைக்கு மெழுகுச் சட்டியைப் பரண்மேல் போட்டவள்தான்.

போன ஐப்பசி அடைமழையில் என் பெண்ணுக்குத் தலைச்சன் பிரசவம். பேரன் பிறந்தான். முப்பதாம் நாள் தூளி கட்டிப் பேர் வைப்பது என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் முதல் தூளிக்குப் புதுத்துணி வாங்குகிற வழக்கமில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணிதான் பிஞ்சு உடம்புக்கு இதம். அம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்து வந்தாள். அப்பா போய் நாலு வருஷமாகிறது.

வேட்டியின் ஒரு முனையில், உள்ளங்கையில் பாதி அளவுக்கு, வெற்றிலைக் கறை. அப்பா கரும்புத் தோட்டத்துக்குப் போனாலும் இடுப்பில் வெற்றிலைப் பை இல்லாமல் போக மாட்டார். அந்தக் கறை எத்தனையோ வெளுப்புக்குப் போய் வந்தும் அப்படியே இருந்தது.

என் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆயா, கறையோட எப்படித் தூளி கட்டறது? அத்தை வீட்டிலேர்ந்து பத்துப் பேர் வர்றாங்க. என்ன நினைப்பாங்க?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க. அது உங்க தாத்தா வாய் செவப்பு" என்றாள் அம்மா. வேட்டியை மடியில் மடித்து வைத்துக்கொண்டு அதற்குமேல் பேசவில்லை. இவளும் பேசவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அழ ஆரம்பித்தால் பால் குறையுமோ என்று எனக்கு வேறு கவலை. நடுவில் புகுந்து, "ரெண்டு முனைக்கும் நீலச் சாயம் ஏற்றிப் பூப் போட்டுத் தர்றேன், பார்க்க அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீலத்துல முக்கினா கறை தெரியாமப் போயிடும் இல்ல?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் போகட்டும் என்றுதானே பெண் கேட்கிறாள்!

சரி, பிள்ளை பெற்ற வீட்டில் மெழுகு காய்ச்சுவது நடக்காத காரியம். என்ன செய்யலாம் என்று யோசித்தபோது எனக்குக் கஞ்சித் தொட்டி ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சியும் சொட்டு நீலமும் போடும்போது கவனித்திருப்பீர்கள். கஞ்சி கட்டியாக ஒட்டிக்கொண்ட இடத்தில் நீலம் சரியாக ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். வீட்டுக்காரரிடம் எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்! திட்டு வாங்கித் தந்த அந்தத் திட்டையே பூவாக்கினால் என்ன?

நானே கண்டுபிடித்ததாக ரெண்டு நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். விசாரித்தால் உலகம் பூராவும் இதைச் செய்திருக்கிறார்கள். ஜப்பானில் அரிசி மாவும் தவிடும் சேர்த்து வேகவைத்த பசை. ராஜஸ்தானில் பக்ரூ என்ற ஊரில் களிமண், சுண்ணாம்பு, கோந்து, உளுத்த கோதுமை மாவு எல்லாம் பிசைந்த சேறு. அதை அச்சில் தொட்டுத் துணியில் குத்தி, ஈரம் ஆறுமுன் மேலே மரத்தூளைத் தூவுவார்களாம். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் யொரூபாப் பெண்கள் செய்வதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, கோழி இறகால் தொட்டுத் துணியில் கோலம் வரைந்து, அவுரி நீலத்தில் தோய்க்கிறார்கள். 'ஆதிரே' என்று அதற்குப் பேர். அதற்கும் நம் புதுச்சேரிக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கே அவுரி நீலம் ஏற்றிய துணி கப்பல் கப்பலாக அதே மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே கோந்து வாங்க அந்தத் துணியையே காசு மாதிரி கொடுத்தார்களாம்.

மெழுகு வேலையும் நமக்கு அந்நியமில்லை. அரியலூர்ப் பக்கத்துக் கோடாலிக் கருப்பூரில் தஞ்சாவூர் மராட்டிய ராஜ குடும்பத்துக்கென்றே மெழுகு வைத்துச் சாயம் ஏற்றி, ஜரிகையும் ஊடு கொடுத்துப் புடவை நெய்தார்கள். பாத்திக் என்ற பேரோடு அது நம் நாட்டுக்கு வந்தது தாகூர் 1927-ல் ஜாவா தீவுக்குப் போய்வந்த பிறகு, சாந்திநிகேதன் வழியாக. சென்னைக்குத் தெற்கே 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உண்டானபோது, கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் நிலம் வாங்கப் பணம் சேர்த்தார்கள். கைவேலையை 'பொழுதுபோக்கு' என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி என் கூத்தைக் கேளுங்கள். தெருக்கோடியில் சுவரொட்டி ஒட்டுகிற பையன் ஒருவன் இருக்கிறான். பசை பற்றி அவனைவிடத் தெரிந்தவர் யார்? "மைதாவைத் தண்ணியில கரைச்சு நல்லாக் காய்ச்சுங்க பெரியம்மா. கொஞ்சம் மயில்துத்தம் போட்டீங்கன்னா பூச்சி அரிக்காது" என்றான். சகோதரிகளே, மயில்துத்தம் விஷம். யொரூபாப் பெண்களின் பசையிலும் சிலர் அதைச் சேர்ப்பதுண்டு என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் குழந்தை உள்ள வீட்டில், அதுவும் சமையல் பாத்திரம் புழங்குகிற இடத்தில், அது வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் படிகாரம் போதும்.

அவன் சொன்னபடி காய்ச்சின பசையைத்தான் முதலில் தலையணை உறையில் தடவினேன். காய்ந்ததும் பழைய பழக்கத்தில் வாளிச் சாயத்தில் முக்கிவிட்டேன். கால் மணி நேரத்தில் பசையெல்லாம் ஊறிக் கரைந்து, வாளி முழுக்க நீலக் கூழ்! உறை சாம்பல் பூத்த நீலத்தில், பூவும் இல்லை பிஞ்சும் இல்லை என்று வெளியே வந்தது. மெழுகு தண்ணீரில் கரையாது, மாவு கரையும். இந்தச் சின்ன விஷயம் கை பட்டால்தான் மண்டையில் ஏறுகிறது. மாவுப் பசை போட்ட துணியை முக்கக் கூடாது. சாயத்தைத் தூரிகையால் மேலே பூசத்தான் வேண்டும். யொரூபாப் பெண்கள் முக்குகிறார்களே என்றால், அவர்கள் கை தலைமுறைக் கை. கொஞ்ச நேரம் தோய்த்து எடுத்து, காற்றாட விட்டு, மறுபடி தோய்ப்பார்கள்.

காய்ச்சாத பச்சைப் பசைதான் நம் கைக்கு நல்லது என்பதும் அப்புறம் புரிந்தது. அரை டம்ளர் மைதா, அரை டம்ளர் தண்ணீர், ரெண்டு தேக்கரண்டி படிகாரத் தூள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கரைத்து, மெல்லிய துணியில் ஒருமுறை வடிகட்டிவிடுங்கள். தோசை மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிடத் தளர்வு. மருதாணிக் கோனில் ஊற்றி நுனியைத் துளி வெட்டினால் இழைக் கோலம் போடுகிற மாதிரி ஓடும். வாசலில் மாக்கோலம் போட்டுப் பழகின கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். துணியை மட்டும் ஓர் அட்டையின் மேல் நாலு பக்கமும் குண்டூசி குத்தி விரைப்பாக வைக்க வேண்டும். மாவு காயும்போது சுருங்கித் துணியையும் இழுத்துக்கொள்ளும். புதுத்துணியானால் முன்னதாகவே வெந்நீரும் சோப்பும் போட்டு ஆலைக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள். கஞ்சி இருந்தால் சாயம் அதில் பிடித்துக்கொண்டு, முதல் துவைப்பில் அதோடு சேர்ந்து போய்விடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வேட்டியில் கை வைத்து ஒரு முழத்தைக் கெடுத்தேன். நல்லவேளை, கறை இல்லாத முனையில்தான் ஆரம்பித்தேன். கார்த்திகை மழை, காற்றே ஈரம். மேலே தொட்டுப் பார்த்தால் மாவு காய்ந்த மாதிரி இருந்தது. அடியில் ஈரம் நின்றிருக்கிறது. சாயம் பூசியதும் அந்த ஈரம் வழியாக உள்ளே புகுந்து, நான் போட்ட தாமரையெல்லாம் மையைக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. அம்மா வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அன்றைக்கு இருபதாம் நாள். மறுநாள் பளிச்சென்று வெயில் வந்தது. ஒரு கைக்குட்டையில் மாவுக் கோலம் போட்டு வாசலில் காயவைத்து விட்டு உள்ளே போய் வந்தால், பக்கத்து வீட்டுக் கோழி ரெண்டு அதைக் கொத்திக்கொண்டிருக்கின்றன! அதிலிருந்து, காற்றாடிக்குக் கீழே, வீட்டுக்குள்ளேயே காயவைக்கிறேன். மழைக்காலத்தில் முழுசாக ரெண்டு ராத்திரி ஆகிறது. காய்ந்ததா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். துணியின் மறுபக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் காயவில்லை. நன்றாகக் காய்ந்தால் மடக்கும்போது அப்பளம் மாதிரி சடக்கென்று உடையும். அந்த உடைப்பில் சாயம் இறங்கித்தான் பாத்திக்குக்கே உரிய கீற்றுக் கோடுகள் விழும். எத்தனை கோடு வேண்டுமோ அதற்குத் தக்கபடி கசக்கிக்கொள்ளலாம்.

சாயம் வாங்கும்போதுதான் நான் ரொம்பப் பிடிவாதமாக இருந்தேன். குழந்தை தூளியின் ஓரத்தைப் பிடித்துச் சப்பாமல் விடுமா? அம்மா, "மஞ்சளே பூசிடேன், மருந்தாச்சே" என்றாள். மஞ்சள் நல்லதுதான், ஆனால் நாலு வெயிலில் வெளுத்துப் போகும். தையல் வகுப்பில் நான் கற்ற நாப்தால் சாயத்துக்குக் காஸ்டிக் சோடா கரைக்க வேண்டும், கையைப் பொத்துவிடும். சில அசோ சாயங்களிலிருந்து புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் வெளிவரும் என்று ஜெர்மனி 1994-ல் அவற்றைத் தடை செய்தது. நம் அரசும் 1997-ல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. ஆகவே பேர் இல்லாத பொட்டலத்தில் கட்டித் தருகிற சாயத்தைக் குழந்தைத் துணிக்கு வாங்காதீர்கள். 1956-ல் இங்கிலாந்தில் முதலில் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாய வகை இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அடுப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீரில் கரையும், பருத்தி நூலோடு கெட்டியாக இணைந்துகொள்ளும். கம்பெனி பேர் போட்ட டப்பாவாகப் பார்த்து வாங்கினேன்.

அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கரைத்த பிறகு பயமில்லை, தூளாக இருக்கும்போதுதான். மூச்சில் போனால் சிலருக்கு இளைப்பு வரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் ஒவ்வொரு முறையும் வரும். பெண்ணையும் குழந்தையையும் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நான் மாட்டுக் கொட்டகையில் போய், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கரைத்தேன். காற்றாடி ஓடக் கூடாது. பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது. கர்ப்பமாக இருக்கிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தக் கரைக்கிற வேலையை மட்டும் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சாயம். பூசப்போகிற நேரத்தில்தான் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா சேர்க்க வேண்டும். ஆப்பச் சோடா அல்ல. சோடா சேர்ந்துவிட்டால் சாயம் ஒரு மணி நேரத்துக்குமேல் காத்திருக்காது, வீரியம் போய்விடும். தூரிகையைத் தொட்டு, விளிம்பில் வழித்து, ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். தொப்பலாக நனைத்தால் பழைய கதைதான். பூசின துணியை ஒரு பாலிதீன் தாளால் மூடி ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். ஈரம் இருக்கிறவரைக்கும்தான் சாயம் நூலில் பிடிக்கும்.

இருபத்து மூன்றாம் நாள் கறை உள்ள முனையை எடுத்தேன். தூளியில் குழந்தை படுக்கிற நடுப்பகுதியை வெள்ளையாகவே விடுவது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். கெட்டுப்போன முனைக்கு ஒரே அடியாகக் கருநீலம் பூசியாயிற்று. பாக்கி இந்த ஒரு முனைதான். கோனைக் கையில் எடுத்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த மாவு வச்ச எடத்துல சாயம் ஏறாதுன்ற?"

"ஏறாதும்மா."

"அப்போ அடியில இருக்கறது அப்படியே இருக்கும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக நான் கறையை மூடுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பசைக்குத் தெரிந்ததோ இருக்கிறதைக் காப்பாற்றுவது! "மாங்காய் போடட்டுமா?" என்றேன். "மாங்கா எதுக்கு? வெத்தலையா போடு" என்றாள்.

கறையை நடுவில் வைத்து ஒரு சாண் அளவுக்கு வெற்றிலை வரைந்து உள்ளே முழுக்க மாவை நிரப்பினேன். சுற்றிலும் சின்னச் சின்னதாக இழைக் கோலம். ரெண்டு நாளும் ரெண்டு ராத்திரியும் காற்றாடிக்குக் கீழே கிடந்தது. பெண் தினமும் எட்டிப் பார்த்து, "கறை போயிடுச்சாம்மா?" என்று கேட்பாள். மாவு மூடியிருந்ததால் எனக்கும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் அண்டாத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, முனை மழுங்கிய கரண்டியால் மாவை வழித்தோம். வழித்த மாவைச் சாக்கடையில் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். சாயம் ஏறின மாவாகையால் மாட்டுத் தொட்டியிலும் கொட்டக் கூடாது. குழியில் போட்டு மூடினேன். வெற்றிலையை வழிக்கும்போது மட்டும் அம்மா கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மாவு உடைந்த இடத்திலெல்லாம் நீலம் இறங்கி, இலையில் நரம்பு ஓடின மாதிரியே கோடுகள். நடுவில் அப்பாவின் கறை, துளி மாறாமல். பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நல்லாத்தான் ஆயா இருக்கு" என்றாள்.

சாயம் முழுக்க விட்டுவிட்டதா என்று பார்க்காமல் தூளி கட்ட நான் சம்மதிக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் ஆறு முறை, பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு மூன்று முறை அலசினேன். கடைசியாக ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சாயத்தின் மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். லேசாக நீலம் ஒட்டியிருந்தது. மறுபடி வெந்நீர். ரெண்டாம் தடவை கைக்குட்டை வெள்ளையாக வந்தது. குழந்தைகளுக்கான துணி எதுவானாலும் இந்தப் பரீட்சையை விட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கின சாயத் துணிக்கும் செய்யலாம்.

முப்பதாம் நாள் தூளி ஏறியது. சம்பந்தியம்மாள் வெற்றிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நடுவுல செவப்புச் சாயம் தனியா ஏத்தினீங்களா சம்பந்தி?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"அது இவ ஏத்தினது இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு ஏத்தினது. பதினஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் வெளுக்கலை."